வெள்ளை டொப்லோவின் பின்கதவு

எமிலியானுஸுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. இத்தாலியில், பலெர்மோ ஓரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலுணவுக் கடை ஒன்றின் குசினியில் இருபத்திரண்டு வருசமாகக் கணவாயும் மட்டியும் கழுவுகிற மனுசன். தண்ணீர்ச் சத்தத்துக்கும் சமையல்காரனின் கத்தலுக்கும் மேலால் கதைத்துப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டைக்காகத்தான் ஃபாதர் அவரைத் தமிழ்ப் பூசையில் மன்றாட்டு வாசிக்க விட்டார். ஞாயிறு பின்னேரம் ஒரேத்தோத் தெருப் பக்கத்துக் கோயிலில் அவர் "ஆண்டவரே" என்று தொடங்கினால் மைக் தேவையில்லை. இருந்தாலும் மைக்கை விடமாட்டார், அது வேறு கதை.

அப்பேர்ப்பட்ட ஆள், அந்தச் சனிக்கிழமை காலமை, சொந்த மகளுக்கு முன்னால் கெஞ்சிக்கொண்டு நின்றார்.

"சத்தியம் பண்ணு பிள்ளை. அவ்வளவுதான் கேக்கிறன்."

"மாட்டன் அப்பா."

ஸ்ரெல்லாவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூட விடுமுறைக்கு மொண்டெல்லோவில் கடற்கரைக் கடை ஒன்றில் வேலை எடுத்திருந்தாள். குடையும் சாய்மணைக் கதிரையும் வாடகைக்கு விடுகிற இடம், பக்கத்தில் ஐஸ்கிறீமும் குடிவகையும் விற்கிற மேசை. ஒன்பது நாளில் தொடக்கம். எமிலியானுஸ் கேட்டது ஒன்றே ஒன்று: குடி, கஞ்சா, அந்தப் புகை ஊதுகிற குழாய், ஒன்றையும் தொடமாட்டேன் என்று அப்பாவின் தலையில் கைவைத்து ஒரு சத்தியம்.

"ஏன் மாட்டாய்? அதுக்கென்ன உனக்கு?"

"பொய்ச் சத்தியம் பண்ணினால் பாவம் எண்டு நீங்கதானே சொன்னனீங்கள்?"

சொல்லிவிட்டுக் காதில் பாட்டுக் கேட்கிற இரண்டு வெள்ளைக் கட்டைகளைச் செருகிக்கொண்டு அவள் போய்விட்டாள். பொய்ச் சத்தியம் என்றால் என்ன அர்த்தம்? தொட்டுவிட்டாளா? தொடப்போகிறாளா? ஐயோ, என்ர மாதாவே!

அவருக்கு இந்தப் பயம் மூன்று கிழமைக்கு முந்தி வந்தது. கூட்டாளி றஞ்சித்தின் கடைசி மகளுக்கு முதல் நன்மைக் கொண்டாட்டம், கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள். ஊருக்கு வெளியே மண்டபம் எடுத்து, கேக் வெட்டி, புரியாணி சாப்பிட்டு, டான்ஸ் தொடங்குகிற நேரம் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு பொடியன் நினைவில்லாமல் கிடந்தான். கீர்த்திகன், வதனியின் ஒரே பிள்ளை, பதினைந்து வயது. அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். குடித்திருக்கிறான், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை என்று டொக்டர் சொன்னார்.

வதனி சண்டைக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்தவள். படுக்கையில் கிடக்கிற ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரிக்கிற வேலை. யார் தந்தது என்று மகனைக் கேட்டாள், அடித்தும் கேட்டாள், அழுதும் கேட்டாள். பொடியன் வாயே திறக்கவில்லை. அவன் திறக்காத வாயை எமிலியானுஸ் திறந்தார். "உது மொண்டெல்லோப் பொடியளின்ர வேலை. இவன் பின்னேரத்திலை பந்தடிக்கப் போறானெல்லே? அவங்கள்தான் ஒளிச்சு வைச்சுக் குடுத்திருக்கிறாங்கள்." அவ்வளவுதான், கோயில் முழுக்க அந்தக் கதை பரவிவிட்டது. வதனி மகனின் போனைப் பறித்தாள், பந்தை நிறுத்தினாள், பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடு என்றாள். அடுத்த ஞாயிறே எமிலியானுஸ் தலைவராகவும் றஞ்சித் செயலாளராகவும் "இளையோர் பாதுகாப்புக் குழு" பிறந்தது. எமிலியானுஸ் மைக்கைப் பிடித்து முக்கால் மணித்தியாலம் பேசினார். வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள்.

இப்போது எமிலியானுஸின் டொப்லோ வானைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கதை நகராது.

பலெர்மோவில் எங்கள் சனத்தின் கொண்டாட்டம் என்றால் இரண்டு கொண்டாட்டம். உள்ளே ஒன்று: பெண்கள், பிள்ளைகள், ஃபாதர், படக்காரன், பாட்டு. வெளியே ஒன்று: வாகனம் நிறுத்துகிற இடத்தில், யாராவது ஒருவரின் காரின் பின்பக்கத்தைச் சுற்றி ஆண்கள். உள்ளே ஃபாதர் இருக்கிறார், மண்டபக்காரனும் விடமாட்டான், ஆகவே போத்தல் காரில் இருக்கும். இது யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் ஒரு கலியாணத்திலாவது இது நடக்காமல் விட்டதில்லை.

அந்தக் கார்களுக்குள் ராசா, எமிலியானுஸின் வெள்ளை டொப்லோ வான். அதன் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். வெயிலுக்கு நிழல், மழைக்குக் கூரை. உள்ளே ஐஸ் பெட்டி, பிளாஸ்டிக் கப் அடுக்கு, மிக்சர், குசினியிலிருந்து கொண்டுவந்து அவரே உறைப்பாகப் பிரட்டிய கணவாய். "மாப்பிள்ளை வந்திட்டாரோ?" என்று கேட்பதற்கு முந்தி "எமிலி அண்ணை வந்திட்டாரோ?" என்று கேட்கிற ஆட்கள் உண்டு. எமிலியானுஸ் குடிகாரன் இல்லை, அதைச் சும்மா சொல்லக்கூடாது. இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் விட்டதில்லை, மனைவியை ஒரு சொல் சொன்னதில்லை. விருந்தோம்பல் என்று நினைத்துத்தான் செய்தார். மனுசனுக்கு அதில் ஒரு பெருமை.

இந்த ஆளுக்கும் அந்தப் பாதுகாப்புக் குழுவுக்கும் என்ன பொருத்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். அவரிடம் கேட்டிருந்தால், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களைத்தான் திருப்பிக் கேட்டிருப்பார்.

குழு கூடியது. பிள்ளைகளின் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய ஒரு கேள்வித்தாள் கொடுப்பம் என்று முடிவு. பேர் எழுதத் தேவையில்லை. ஸ்ரெல்லாதான் கம்பியூட்டரில் அடித்துக் கொடுத்தாள். மூன்று கேள்வி: எதையாவது தொட்டதுண்டா, முதன்முதல் எங்கே, பெரியவர்களுக்கு என்ன சொல்ல விருப்பம். மறைக்கல்வி வகுப்புக்கு வருகிற முப்பத்தொரு பிள்ளைகளும் எழுதி மடித்து, கோயிலில் மன்றாட்டுத் துண்டு போடுகிற அதே மரப்பெட்டிக்குள் போட்டார்கள். எழுதியது இத்தாலியனில். தமிழ் கதைக்கத் தெரிந்த பிள்ளைகள்தான், எழுதச் சொன்னால் தலையைச் சொறிவார்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. எமிலியானுஸ் அதை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார். ஞாயிறு பூசை முடியக் கூட்டம். அங்கே எல்லாருக்கும் முன்னால் திறந்து வாசிப்பார். மன்றாட்டும் அப்படித்தானே? பெட்டியைத் திறந்து, அந்த இடத்திலேயே வாசித்து, இத்தாலியனில் இருந்தால் அப்படியே தமிழாக்கிச் சொல்லுவார். அதில் அவரை வெல்ல ஆளில்லை.

"அப்பா," என்றாள் ஸ்ரெல்லா, சத்தியம் பண்ண மறுத்ததற்கு மறுநாள், ஞாயிறு காலமை. "முதல்ல நீங்க தனிய இருந்து ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்."

"ஏன்?"

"சும்மா. பாத்தால் நல்லமெல்லே?"

"களவாத் துறந்து பாக்கிற வேலை என்னட்டை இல்லை. இரகசியம் எண்டு சொல்லித்தானே உங்களிட்டை வாங்கினனாங்கள்?"

அவள் தாயைப் பார்த்தாள். புனிதமலர் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டே, "விடு பிள்ளை. உங்கட அப்பாவுக்கு மைக் இல்லாமல் கண் தெரியாது" என்றாள். எமிலியானுஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பின்னேரம், பூசை முடிய, கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வயதான மரியாக்கா விசிறியோடு, அரை நித்திரையில். நடுவில் வதனி, பக்கத்தில் தலை குனிந்த கீர்த்திகன். பின்வரிசை முழுக்கப் பிள்ளைகள். எமிலியானுஸ் தொண்டையைச் செருமினார்.

முதல் ஐந்தாறு துண்டும் "ஒன்றும் தொடவில்லை." சபை கைதட்டியது. ஏழாவதில் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்து மதிலுக்குப் பின்னால் ஒரு தரம் கஞ்சா இழுத்ததாகவும், இருமி இருமிச் சத்தி எடுத்ததாகவும், இனிமேல் வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. தாய்மார் "ஐயோ" என்றார்கள். தகப்பன்மார் தங்கள் தங்கள் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பதாவது துண்டை எமிலியானுஸ் விரித்தார்.

"முதன்முதல் எங்கே? வெள்ளை டொப்லோவிலே." நிறுத்தினார். மன்றாட்டு வாசித்த பழக்கம், சபை பதில் சொல்ல ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்துவார்.

மரியாக்கா கண்ணைத் திறக்காமலே, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்.

மண்டபம் சிரித்தது. எமிலியானுஸும் சிரித்தார்; பலெர்மோவில் வெள்ளை டொப்லோ தெருவுக்குப் பத்து. அடுத்தது: "டொப்லோவுக்குள்ளே. பியர்." அதற்கடுத்தது தொடவில்லை. அதற்கடுத்தது: "வெள்ளை வான். ஐஸ் பெட்டிக்குள்ளே இருந்தது. பன்னிரண்டு வயது."

எமிலியானுஸின் முகம் மாறியது. சிரிப்புப் போய்விட்டது. கண் பெரிதானது.

"கேட்டியளோ!" என்று முழங்கினார். "கேட்டியளோ சனங்களே! ஒரு வெள்ளை வான் திரியுதாம்! ஐஸ் பெட்டியோடை! பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு! நான் அண்டைக்கே சொன்னனான், உதுக்குப் பின்னாலை ஒரு கூட்டமே இருக்கெண்டு. உதை இப்பிடியே விடேலாது. நாளைக்கே கெஸ்தூராவுக்குப் போய்ப் பொலிசிலை சொல்லவேணும். அந்த வானின்ரை நம்பரை ஆராவது பாத்தனீங்களோ?"

பின்வரிசையில் ஒரு பெட்டை வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். ஆண்கள் பக்கம் எல்லாருக்கும் திடீரென்று சப்பாத்தில் ஏதோ அழுக்கு இருப்பதாகத் தெரிந்தது. றஞ்சித் மெல்ல எழும்பி வந்து அவரின் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணை, காணும். தேத்தண்ணி ஆறுது."

"காணாது! தேத்தண்ணியா முக்கியம்? பிள்ளையள் நெஞ்சைத் துறந்து எழுதியிருக்குதுகள், நீ தேத்தண்ணி எண்ணுறாய்!"

ஒன்றும் தொடவில்லை என்ற பல துண்டுகளுக்கு நடுவே இன்னும் மூன்று டொப்லோ வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் சத்தம் கூடியது. பிறகு ஒரு நீளமான துண்டு. அதை எழுத்துக்கூட்டி, வரி வரியாகத் தமிழாக்கினார்.

"டொப்லோ. கேக் வெட்டேக்கை எல்லாரும் உள்ளுக்குப் போயிட்டினம். கதவு பூட்டேல்லை. கப்புகளிலை மிச்சம் இருந்தது. எல்லாத்தையும் ஒண்டிலை ஊத்திக் குடிச்சன். பேந்து போத்தலிலையும். பிறகு ஒண்டும் ஞாபகமில்லை. மொண்டெல்லோப் பொடியள் அண்டைக்கு அங்கை வரவேயில்லை. என்ரை கூட்டாளியள் நல்லவங்கள். சொன்னால் எமிலி மாமாக்கு வெக்கம், அதாலை நான் சொல்லேல்லை."

எமிலி மாமா என்று அவரே வாசித்தார். தன் பேரைத் தன் வாயால், மைக்கில்.

மரியாக்காவின் விசிறி நின்றது. வதனி மகனைப் பார்த்தாள். பிறகு எமிலியானுஸைப் பார்த்தாள். அவருக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக ஏறியது: வெள்ளை, வான், ஐஸ் பெட்டி, முதல் நன்மை வீடு. அன்றைக்குக் கேக் வெட்டக் கூப்பிட்டபோது, "இந்தா வந்திட்டன்" என்று கப்பை வானுக்குள் வைத்துவிட்டு ஓடியது. கதவைச் சாத்தினாரா? சாத்தவில்லை. எந்தக் காலத்தில் சாத்தியிருக்கிறார்?

அட கடவுளே, நம்பர் கேட்டேனே! என்ர நம்பரை என்னட்டையே கேட்டேனே!

"அண்ணை, காணும்," என்றான் றஞ்சித் மறுபடி. இந்தமுறை அவன் குரலில் பகிடி இல்லை, பாவம் பார்த்தான்.

பெட்டிக்குள் இன்னும் நாலைந்து துண்டு கிடந்தது. மூடிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். எமிலியானுஸ் பின்வரிசையைப் பார்த்தார். ஸ்ரெல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. முதலில் தனியாக வாசியுங்கோ என்று காலமை கெஞ்சின முகம். அந்த முகத்துக்கு முன்னால் மூடிவிட்டுப் போக அவருக்குக் கால் வரவில்லை. கையை விட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

"எனக்கு அப்ப ஒன்பது வயது," என்று தொடங்கினார். சத்தம் வழக்கத்தில் பாதியும் இல்லை. "அப்பா வானிலை இருக்கிற கப்பைக் கொண்டு வரச் சொன்னார். விளிம்பு மட்டும் நிறைஞ்சிருந்தது. நடக்க நடக்கத் தளும்பிச்சுது. சிந்தினால் பேசுவார் எண்டு பயத்திலை கொஞ்சம் குடிச்சுக் குறைச்சுப்போட்டுக் கொண்டுபோனன். அப்பா எல்லாருக்கும் காட்டினார். என்ரை மகள் கெட்டிக்காரி, ஒரு சொட்டும் சிந்தேல்லை எண்டு சொன்னார். அதுக்குப் பிறகு எப்பவும் என்னைத்தான் அனுப்பினவர். நானும் எப்பவும் சிந்தாமல்தான் கொண்டுபோனன்."

அவருக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. மகள் இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கல்லுத் தரையில் அடிமேல் அடி வைத்து வந்தது. தலையைத் தடவிவிட்டது. அதை எத்தனை பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருப்பார்!

வழக்கப்படி நிறுத்தினார். மரியாக்கா முழித்துத்தான் இருந்தார், ஆனால் பேசவில்லை. கடைசியில் எமிலியானுஸே, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். பிறகு மேடையில் இருந்து இறங்கினார்.

வெளியே வாசலில் வதனி மகனோடு நின்றாள்.

"தங்கச்சி," என்றார். "கதவைப் பூட்டேல்லை நான். மொண்டெல்லோ எண்டு கத்தினதும் நான்தான்."

"மூண்டு கிழமை அண்ணை," என்றாள் வதனி. "என்ரை பிள்ளையைக் கள்ளனைப் போல வீட்டுக்குள்ளை வைச்சிருந்தனான். நீங்கள் கத்தக் கத்தக் கை தட்டினனான். இவன் உங்களுக்கு வெக்கம் எண்டு வாயை மூடிக்கொண்டு அடி வாங்கினவன்."

அவள் கைப்பையைத் திறந்து மகனின் போனை எடுத்து அந்த இடத்திலேயே அவன் கையில் கொடுத்தாள். "போ. போய்ப் பந்தடி," என்றாள். பிறகு எமிலியானுஸைப் பார்த்து, "உங்களோடை நான் கொஞ்ச நாளைக்குக் கதைக்கமாட்டன் அண்ணை. கோவம் போகட்டும்," என்றுவிட்டு நடந்தாள். அது நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது. நியாயம் என்று பட்டாலும் வலித்தது.

கீர்த்திகன் மட்டும் இரண்டடி போய்த் திரும்பி, "ஸொறி மாமா," என்றான். அதைக் கேட்டதும்தான் எமிலியானுஸுக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்குப் போகும்போது புனிதமலர் பின்சீற்றில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்ரெல்லா முன்னால். ஒரேத்தோத் தெருவில் வழக்கம்போல ஒருவரும் நகராமல் எல்லாரும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ இப்பவும் குடிக்கிறனியோ பிள்ளை?"

"எப்பவாவது. கூட்டாளியளோடை. பெரிசா ஒண்டும் இல்லை." யன்னலைப் பாதி இறக்கினாள். "அதாலைதான் சத்தியம் பண்ணேல்லை. உங்களுக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை."

பழைய எமிலியானுஸ் என்றால் இந்த இடத்தில் வானின் கண்ணாடி அதிர்ந்திருக்கும். ஆனால் கத்துவதற்கு அவரிடம் இன்றைக்கு ஒரு முகமும் மிச்சமில்லை.

"நீங்க பண்ணுவியளோ அப்பா? இனித் தொடமாட்டன் எண்டு?"

"நானோ?" வாயைத் திறந்தார். ஓம் என்று சொல்லத்தான் திறந்தார். வாற சனிக்கிழமை கோயிலுக்கு வருகிற மொனிகா பெரியபிள்ளையான சாமத்தியவீடு. அதற்கடுத்த கிழமை றஞ்சித் புது வீட்டுக்குக் குடிபுகுகிறான். பிறகு மடு மாதா திருநாள், பிறகு இரண்டு கலியாணம், நத்தார், வருசப்பிறப்பு. ஓம் என்ற சொல் இத்தனை சந்தோசத்தையும் தாண்டி வெளியே வரவேண்டும். வரவில்லை. இதைத்தானே சும்மா தலையில் கை வைத்துச் சொல் என்று இந்தப் பிள்ளையிடம் கேட்டேன் என்று நினைத்தார்.

"தெரியேல்லை பிள்ளை," என்றார் கடைசியில். "வாழ்நாள் முழுக்க எண்டால் எனக்குத் தெரியேல்லை. அடுத்த ஞாயிறு வரைக்கும் எண்டால் ஏலும்."

பின்சீற்றில் புனிதமலர் கண்ணை மூடியபடியே, "அது பெரிய காரியம்தான்," என்றாள்.

ஸ்ரெல்லா யோசித்தாள். "அப்ப எனக்கும் அடுத்த ஞாயிறு வரைக்கும்," என்றாள்.

அந்தக் கிழமையை எமிலியானுஸ் எப்படிக் கழித்தார் என்பதைச் சனிக்கிழமை பார்த்தவர்களிடம் கேட்கவேண்டும். சாமத்தியவீட்டு மண்டபத்துக்கு டொப்லோ வந்தது. ஆண்கள் வழக்கம்போலச் சூழ்ந்தார்கள். எமிலியானுஸ் கதவைப் பூட்டி, திறப்பைப் புனிதமலரின் கையில் கொடுக்க, அவள் கைப்பைக்குள் போட்டு "சரக்"கென்று சிப்பை இழுத்தாள்.

"என்ன அண்ணை, தவக்காலமோ?" என்றான் ஒருவன்.

"அண்ணை, கெஸ்தூராவிலை நம்பர் குடுத்திட்டியளோ?" என்றான் இன்னொருவன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எமிலியானுஸும் சிரித்தார், காது சிவந்தது. றஞ்சித் மட்டும் பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, பிறகு தன்னுடைய சின்னக் காரின் பின்பக்கத்தைத் திறந்தான். அதில் இரண்டு பேருக்குமேல் நிற்க இடமில்லை. உலகம் ஒரே நாளில் திருந்திவிடுமா என்ன?

எமிலியானுஸ் உள்ளே போனார். இருபது வருசத்தில் ஒரு சாமத்தியவீட்டை உள்ளேயிருந்து பார்ப்பது இதுவே முதல் தரம். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. யாரோ ஒரு குழந்தையைக் கையில் திணித்தார்கள். இன்னொருத்தி பலூன் கட்டச் சொன்னாள். ஆரத்தி எடுக்கும்போது குறுக்கே நின்று படக்காரனிடம் பேச்சு வாங்கினார். ஆறு மணிக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டபோது நாக்கு வறண்டது. ஏழு மணிக்கு இன்னும் வறண்டது. நாலு கப் ஒறஞ்சுச் சோடா குடித்து வயிறு ஊதி, வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வதனியும் வந்திருந்தாள். கதைக்கவில்லை. ஆனால் அவர் பலூன் கட்ட முடியாமல் திண்டாடியபோது கத்தரிக்கோலை மேசையில் அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

ஞாயிறு காலமை. வேலை தொடங்க முந்திக் கடற்கரைக் கடைக்காரன் புதுப் பிள்ளைகளை ஒரு நாள் பழக வரச் சொல்லியிருந்தான். ஸ்ரெல்லாவை மொண்டெல்லோவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். கடலுக்குப் போகிற சனம் முழுக்கத் தெருவில். வெயில் இப்போதே சுட்டது.

"அப்பா, ஞாயிறு வந்திட்டுது."

"ஓம், வந்திட்டுது."

"காப்பாத்தினியளோ?"

"காப்பாத்தினன். நேற்றுச் செத்துப் பிழைச்சன் பிள்ளை. ஆறு மணிக்கு ஒருக்கா வெளியாலை போகக் காலைத் தூக்கினனான். குழந்தை கையிலை இருந்ததாலை தப்பினன். உப்பிடிக் கஷ்டம் எண்டு நான் நினைக்கவேயில்லை."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் கஷ்டம்தான்," என்றாள். "வியாழக்கிழமை."

யார்? எங்கே? எந்த நாய்ப்பயல்? எல்லாக் கேள்விகளும் ஒன்றாக எமிலியானுஸின் தொண்டைக்கு வந்தன. தொண்டை பெரியதுதான், இருந்தும் அவ்வளவையும் விழுங்கினார். அது நேற்றையதை விடக் கஷ்டமாக இருந்தது.

"என்ன நடந்தது பிள்ளை?" என்று கேட்டார், அவருக்கே கேட்காத அளவு மெதுவாக.

ஸ்ரெல்லா சொல்லத் தொடங்கினாள். யாருடைய வீடு, யார் ஊற்றித் தந்தது, அவள் வேண்டாம் என்று கப்பைத் தள்ளி வைத்தபோது யார் சிரித்தது, பிறகு குளியலறைக்குள் போய் எவ்வளவு நேரம் நின்றாள் என்று. அவர் ஒரு சொல்லும் குறுக்கே போடவில்லை. வேலை செய்யப்போகிற இடத்தின் வாசல் வந்தது, வானை ஓரமாக நிறுத்தினார். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டு விலத்திப் போனான். ஸ்ரெல்லா இறங்கவில்லை. இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.